பட்டணம் நடந்து போய்ப் பிராது கொடுத்தவர்கள்

கேள்வி இதுதான்: "எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம். பூட்டனாருக்கும் முந்தின ஒருவர், வரிக் கொடுமை தாங்காமல் பட்டணத்துக்கு நடந்தே போய்த் துரைமார்களிடம் பிராது கொடுத்தார் என்று வீட்டில் சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சாதாரண ஜனங்களால் அப்படி மனு கொடுக்க முடிந்ததா? கொடுத்தால் நிவாரணமோ நஷ்டஈடோ கிடைத்ததா?"

உங்கள் வீட்டுக் கதை உண்மையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. சென்னை ராஜதானியில் சரியாக அப்படி ஒரு சமயம் வந்தது, 1854-55-இல். நிவாரணம் கிடைத்ததா என்ற இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் கொஞ்சம் நீளும். நான் வருவாய்த் துறையில் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவன். மனு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதன் முன்பக்கம் இல்லை, பின்பக்கம். அங்கேதான் 'நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்று எழுதி, யாருக்கு என்று குறிப்போம். மனுவின் தலையெழுத்து அந்த ஒரு வரியில் இருக்கிறது. 1855-இலும் அங்கேதான் இருந்தது.

மனு கொடுக்க முடிந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். அர்ஜி, பிராது, மகஜர் என்று நாம் இன்றும் சொல்கிற சொற்களே அந்தக் கச்சேரிகளிலிருந்து, அதாவது அக்காலத்து அரசாங்க அலுவலகங்களிலிருந்து, வந்தவைதான். அப்போது ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசாங்கம் மனுவைத் தடுக்கவில்லை. குடியானவன் கலெக்டருக்கு எழுதலாம், ரெவின்யூ போர்டுக்கு எழுதலாம், கவர்னருக்கே எழுதலாம். எழுதிய பிறகு அந்தத் தாள் எந்த வழியாக நடந்தது என்பதுதான் விஷயம்.

அதற்கு அன்றைய அமைப்பு தெரிய வேண்டும். 1816-இல் வந்த சட்டங்களின்படி கலெக்டர்தான் மாஜிஸ்ட்ரேட். அவருக்குக் கீழே தாசில்தார்தான் தாலுகாவின் வரி வசூல் அதிகாரி, அவரேதான் போலீஸ் அதிகாரியும். கிஸ்தி கேட்டு வாசலில் நிற்கிற சேவகனும், திருட்டுப் புகாருக்கு வருகிற சேவகனும் ஒரே ஆள். ரயத்துவாரி முறையில் நடுவே ஜமீன்தார் கிடையாது. அரசாங்கம் நேரே குடியானவனிடம் வசூல் பண்ணும். ஜமாபந்தியில், அதாவது வருஷாந்திர வரிக் கணக்கில், போட்ட தொகையை மழை பொய்த்தாலும் வாங்கியாக வேண்டும். வாங்கவில்லை என்றால் தாசில்தார் மேலே பதில் சொல்ல வேண்டும். ஆக, அடிக்கிறவனும் அவன்தான், அடித்தான் என்று புகார் கொடுத்தால் விசாரிக்கிறவனும் அவன்தான். பாலுக்குப் பூனை காவல்.

அடி என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு முறைகளுக்கு 1855-இல் வந்த அரசாங்க விசாரணை அறிக்கையிலேயே தமிழ்ப் பெயர் இருக்கிறது. ஒன்று கிட்டி. இரண்டு குச்சிகளை ஒரு முனையில் சேர்த்துக் கட்டி, நடுவே விரலை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி நெருக்குவது. தச்சன், கொல்லன் யாரும் வேண்டாம்; வேலியில் ஒடித்த குச்சியும் ஒரு துண்டுக் கயிறும் போதும். இன்னொன்றை ஆங்கில எழுத்தில் 'அனுந்தால்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சொல் அண்ணாந்தாள். ஆளைக் குனிய வைத்து, கழுத்தையும் கால்விரலையும் அவன் துணியாலோ கயிற்றாலோ சேர்த்துப் பூட்டி, முதுகில் கல்லை ஏற்றி வெயிலில் நிறுத்துவது. இவை போக, கண்ணில் மிளகாய்ப்பொடி, சோறு தண்ணீர் விடாமல் உட்கார்த்தி வைப்பது, பூச்சியைச் சிரட்டைக்குள் போட்டுத் தொப்புளில் கவிழ்த்துவது என்று பட்டியல் நீள்கிறது. அறிக்கையைப் படிக்க உட்கார்ந்த முதல் நாள் நான் பத்துப் பக்கத்துக்கு மேல் போகவில்லை.

இதெல்லாம் எப்படி வெளியே வந்தது என்பதற்கு ஒரு சென்னை வியாபாரியைச் சொல்ல வேண்டும். காஜுலு லட்சுமிநரசு செட்டி. துணி, அவுரி வியாபாரத்தில் சம்பாதித்தவர். 1844-இல் 'கிரெசென்ட்' என்று சொந்தமாக ஓர் ஆங்கிலப் பத்திரிகை தொடங்கினார். 1852-இல் சென்னை சுதேசி சங்கம் என்று ஓர் அமைப்பைக் கூட்டினார். கம்பெனி இந்தியாவை ஆள நாடாளுமன்றம் கொடுத்திருந்த அனுமதியான சாசனம் 1853-இல் புதுப்பிக்கப்பட இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சங்கத்தார் ஒரு மகஜர் தயாரித்தார்கள். ரயத்துவாரி வசூலின் கொடுமை, தறி முதல் கைத்தொழில் கருவிகள் வரை எல்லாவற்றுக்கும் போட்ட மொகதர்பா வரி, உப்பு ஏகபோகம், கோர்ட்டுகளின் தாமதம், சாலையும் பாசனமும் கவனிப்பாரற்றுக் கிடப்பது, பள்ளிக்கூடம் இல்லாதது எல்லாம் அதில் இருந்தன.

அதில் எழுதியது பெரிய விஷயமில்லை. எங்கே அனுப்பினார்கள் என்பதுதான் கெட்டிக்காரத்தனம். கலெக்டருக்கு அனுப்பவில்லை, கோட்டைக்கு அனுப்பவில்லை, லண்டன் லீடன்ஹால் தெருவில் இருந்த கம்பெனி டைரக்டர்களுக்கும் அனுப்பவில்லை. நேரே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். பிரபுக்கள் சபையில் அதை வைத்தவர் எல்லன்பரோ பிரபு. அவரே முன்பு கவர்னர் ஜெனரலாக இருந்து கம்பெனி டைரக்டர்களால் திருப்பி அழைக்கப்பட்டவர். கம்பெனிமேல் அவருக்கு இருந்த கோபத்தைச் செட்டியார் கணக்குப் போட்டிருப்பாரா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நல்ல வியாபாரி.

சாசனம் எப்படியும் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. ஆனால் 1853 கடைசியில் டேன்பி சீமோர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்கச் சென்னைக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரை வெளியூர்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குடியானவர்களோடு பேச வைத்தார். சீமோர் திரும்பிப் போய் 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் எழுந்து, சென்னை ராஜதானியில் வரி வசூலுக்குச் சித்திரவதை நடக்கிறது என்றார். சபையில் இருந்த கம்பெனிக்காரர்கள் அப்படி ஒன்று உண்டு என்று ஒத்துக்கொள்ளவே இல்லை. இல்லை என்று நிரூபிக்கவாவது விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரணைக் கமிஷனில் மூன்று பேர்: எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன். எலியட் சென்னையின் தலைமை மாஜிஸ்ட்ரேட். பெசன்ட் நகரில் சுண்டல் வாங்கித் தின்கிறோமே, அந்த எலியட்ஸ் பீச்சுக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். நார்ட்டன் ஒரு வக்கீல், கம்பெனி நிர்வாகத்தைப் பகிரங்கமாகக் குறை சொன்னவர். கமிஷன் பட்டணத்தில் உட்கார்ந்தது. சித்திரவதைக்கு ஆளானவர்கள் வரலாம், எழுதலாம் என்று அறிவித்தார்கள். சில மாதங்களில் 1,959 புகார்கள் வந்தன. கடிதமாக வந்தவை 1,440. நேரில் வந்து நின்றவர்கள் 519 பேர்.

அந்த 519 என்ற எண்ணைக் கொஞ்சம் நேரம் கையில் வைத்துப் பாருங்கள். தெற்கே முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியதே 1856 ஜூலையில்தான். கமிஷன் அறிக்கை கொடுத்தது 1855 ஏப்ரலில். எனவே வந்தவர்கள் நடந்து வந்தார்கள், அல்லது வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கோவில்பட்டியிலிருந்து பட்டணத்துக்கு மாதக்கணக்கில் வேலையை விட்டுவிட்டு, கட்டுச்சோறு, சத்திரம், வழிச்செலவு எல்லாம் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். திரும்பிப் போனால் அதே தாசில்தார் முகத்தில்தான் விழிக்க வேண்டும் என்று தெரிந்தும் வந்தார்கள். உங்கள் வீட்டுக் கதையை நான் நம்புவதற்குக் காரணம் இதுதான்.

புகார்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒரு கிராமத்தார் எழுதியது. முந்தின வருஷம் தண்ணீர் இல்லை, விளையவில்லை. ஜமாபந்தியில் தள்ளுபடி கேட்டார்கள். கிடைக்கவில்லை. தாசில்தார் கடுமையாக வசூலிக்க ஆரம்பித்தார். மறுத்தவர்களை வெயிலில் நிறுத்தினார்கள். குனிய வைத்து முதுகில் கல் ஏற்றி, சுடுமணலில் வைத்தார்கள். எட்டு மணிக்கு மேல்தான் சோற்றுக்கு விட்டார்கள். இப்படி மூன்று மாதம். நடுவே கலெக்டரிடம் மனு கொண்டுபோனார்கள். அவர் வாங்க மறுத்தார். அதே மனுக்களைச் செஷன்ஸ் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். கோர்ட்டு என்ன செய்தது தெரியுமா? மனுக்களைக் கலெக்டருக்கு அனுப்பி வைத்தது. பிறகு நோட்டீஸ் வந்தது, இருபத்தைந்து நாளில் ஜப்தி, அப்புறம் ஏலம். பெண்களையும் விடவில்லை, கிட்டியை அவர்கள் மார்பில் வைத்தார்கள் என்று கடைசியில் எழுதியிருக்கிறார்கள்.

இன்னொன்று கொள்ளிடக்கரை. கொள்ளிடத்தில் பாலம் வேலை நடக்கிறது. பலகை, கரி, விறகு எல்லாம் ஊர்க்காரர்கள் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று தாசில்தார் உத்தரவு. ஒரு பிராமணர் முடியாது என்றார். பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு போய் உதைத்தார்கள். அவர் சப்-கலெக்டரிடம் பிராது கொடுத்தார். சப்-கலெக்டர் விசாரிக்கவில்லை; பிராதைக் கிழித்துப் போட்டார். ஏன் கிழித்தார் என்பதற்கு மனுதாரரே ஒரு காரணம் எழுதுகிறார்: ஏழைகளின் செலவில் பாலத்தை மலிவாகக் கட்டி முடித்து, அரசாங்கத்தில் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறார், அதனால் தாசில்தார் கொலையே பண்ணினாலும் கண்டுகொள்ள மாட்டார் என்று. மேலதிகாரிகளின் மனசை இவ்வளவு சுருக்கமாக எழுதிய ஆளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்த இரண்டு மனுக்களையும் லண்டனில் அச்சான அறிக்கையிலிருந்து எடுத்து 1857 செப்டம்பரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் போட்டவர் கார்ல் மார்க்ஸ். சப்-கலெக்டர் கிழித்த மனு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். நிவாரணம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்குக் கமிஷன் சொன்ன காரணங்கள்தான் அந்த அறிக்கையிலேயே உருப்படியான பகுதி. கலெக்டர் இருக்கும் ஊர் தூரம். போனால் செலவு, வேலை கெடும். எழுதி அனுப்பினால், வழக்கமான மேற்குறிப்போடு தாசில்தாருக்கே திரும்பி வரும், அதாவது அடித்த ஆளுக்கே. அந்தப் பின்பக்க வரி! என் மேஜையில் எத்தனை முறை எழுதியிருப்பேன். நில ஆக்கிரமிப்புப் புகாரில் யார்மீது குற்றச்சாட்டோ அவரிடமே அறிக்கை கேட்டு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு தடவை நானே அனுப்பியும் இருக்கிறேன். வேறு யாருக்கு அனுப்புவது என்று விதியில் இல்லை.

சரி, எப்படியோ ஒருவன் நிரூபித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மாஜிஸ்ட்ரேட் போடக்கூடிய அதிகபட்சத் தண்டனை 50 ரூபாய் அபராதம் அல்லது ஒரு மாதச் சிறை. அதற்கு மேல் வேண்டுமென்றால் கிரிமினல் ஜட்ஜுக்கு அனுப்ப வேண்டும். பணம் பிடுங்கியதாகப் புகார் என்றால் 1822, 1828 ஆண்டுகளின் சட்டங்கள் இருந்தன: உதவிக் கலெக்டர் விசாரிப்பார், அப்பீல் கலெக்டருக்கு, அங்கிருந்து ரெவின்யூ போர்டுக்கு, அங்கிருந்து அரசாங்கத்துக்கோ சிவில் கோர்ட்டுக்கோ. இந்தச் சட்டங்களின் கீழ் ஜனங்கள் ஒரு வழக்காவது கொண்டுவந்ததாகத் தங்களுக்குத் தெரியவில்லை என்று கமிஷனே எழுதுகிறது.

இதைவிடக் கூர்மையான ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டங்கள் பொருந்துவது அதிகாரி தன் பைக்குப் பணம் பிடுங்கினால் மட்டும், அல்லது அரசாங்கப் பணத்தைக் கையாடினால் மட்டும். அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய வரியை வசூலிக்க அடித்தால், அதற்குத் தண்டனை என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. கல்லை முதுகில் ஏற்றி வாங்கிய ரூபாய் கஜானாவுக்குப் போனால் குற்றமில்லை. சட்டைப்பைக்குப் போனால்தான் குற்றம். சட்டத்துக்குக் கவலை ரூபாயைப் பற்றித்தான்.

சித்திரவதை நடக்கிறது, பரவலாக நடக்கிறது என்று கமிஷன் ஒத்துக்கொண்டது. ஆனால் பழியைக் கீழ்நிலைச் சுதேசி சிப்பந்திகள்மேல் போட்டது. வெள்ளைக்கார அதிகாரிகள் இதை ஒழிக்கத்தான் விரும்புகிறார்கள், ஜனங்களின் கூக்குரல் தங்கள் இனத்தாரின் கொடுமைக்கு எதிரானதுதான், துரைமார்களுக்கு எதிரானதல்ல என்று எழுதியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற வாதம்தான். எனக்கு இதில் உடன்பாடில்லை. சிப்பந்திகள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை; அடித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான். ஆனால் தொகையை நிர்ணயித்தது பூசாரி இல்லை. மனுவை வாங்க மறுத்தவரும் கிழித்தவரும் பூசாரிகள் இல்லை. மேலே சொன்ன இரண்டு மனுக்களும் அதே அறிக்கையில் இருந்துகொண்டே அதன் முடிவை மறுத்துக்கொண்டிருக்கின்றன.

நஷ்டஈடு? கமிஷனின் வேலை விசாரித்து எழுதுவது. ஏலம் போன மாட்டுக்கோ நசுங்கின விரலுக்கோ இவ்வளவு கொடு என்று உத்தரவு போடும் அதிகாரம் அதற்குக் கிடையாது.

நஷ்டஈடு என்பதே கம்பெனிக்குத் தெரியாத விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். புதுச்சேரி, காரைக்கால் உப்பு தன் ஏகபோகத்துக்குப் போட்டி என்பதால் பிரெஞ்சுக்காரர்களோடு 1815-இல் ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் (அந்தக் காலத்து வெள்ளி நாணயம்) கொடுக்க ஒத்துக்கொண்டது. 1818-இல் உப்பளத்தையே நிறுத்தச் சொன்னபோது, உப்பளக்காரர்களுக்கு ஈடாக ஆண்டுக்கு 4,000 வராகன் (பொன் நாணயம்) தனியாக. அதே கரையில், கம்பெனிக் கொடி பறக்கிற பக்கத்தில், உப்பு விளைவிக்கிறவனுக்கு ஈடு கிடையாது, தண்டனைதான். இன்னொன்று, ஆற்காட்டு நவாபின் கடன். நவாபுக்குக் கடன் கொடுத்தோம் என்று பத்திரத்தை நீட்டியவர்களுக்காக 1805-இல் ஒரு கமிஷன் போட்டார்கள். சுமார் 3 கோடி பவுனுக்குக் கேட்பு வந்தது. ஒவ்வொரு பத்திரமாகப் பிரித்துப் பார்த்து, பெரும்பாலானவற்றைத் தள்ளி, 27 லட்சத்துக்கும் குறைவாக ஒத்துக்கொண்டார்கள். வேலை முடிந்தது 1830-இல். கடன் பத்திரம் வைத்திருந்தவனுக்கு இருபத்தைந்து வருஷ விசாரணை. தழும்பு வைத்திருந்தவனுக்குச் சில மாதம். எதிரே நின்றது இன்னொரு அரசாங்கமா, கையெழுத்துப் போட்ட காகிதமா, வெறும் உடம்பா என்று பார்த்துத்தான் பணம் நகர்ந்தது.

அப்படியானால் அத்தனை பேர் நடந்ததும் வீணா என்றால், அதுவும் இல்லை. 1859-இல் சென்னை ராஜதானிக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலும் போலீசும் பிரிந்தன. தாசில்தார் கையிலிருந்து லத்தி போயிற்று. அதை நான் சின்ன விஷயமாகச் சொல்ல மாட்டேன். 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 330-ஆம் பிரிவு இருந்தது: வாக்குமூலம் வாங்கவோ சேர வேண்டியதைக் கறக்கவோ ஒருவரைக் காயப்படுத்துவது குற்றம். பிரிவுக்குக் கீழே உதாரணங்கள் உண்டு. அதில் ஒன்று, வருவாய் அதிகாரி ஒருவர் வரிப் பாக்கிக்காக ஒருவரைச் சித்திரவதை செய்வது. 1855 வரை சட்டத்தில் இடமே இல்லாத குற்றம். இப்போதைய பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 120-ஆம் பிரிவு. வருவாய் அதிகாரி உதாரணம் அங்கேயும் இருக்கிறது. பணியில் சேர்ந்தபோது எனக்கு யாரும் இதைக் காட்டவில்லை.

லட்சுமிநரசு செட்டிக்கு அரசாங்கம் பின்னால் பட்டம் கொடுத்தது, 1863-இல் சென்னைச் சட்டசபைக் கவுன்சிலில் இடமும் கொடுத்தது. 1868-இல் அவர் இறந்தபோது கையில் காசில்லை. பத்திரிகையும் பொதுக்காரியமும் வியாபாரத்தைத் தின்றுவிட்டன.

உங்கள் பெரியவரைத் தேட வேண்டுமானால், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1854, 55 ஆண்டுகளின் ரெவின்யூ, ஜுடீஷியல் நடவடிக்கைக் கட்டுகளைக் கேளுங்கள். அச்சான கமிஷன் அறிக்கையின் பிற்சேர்க்கையையும் பாருங்கள். ஆள் பெயரில் தேடிப் பிரயோஜனமில்லை. அந்தக் காலத்துக் குமாஸ்தா நம் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் அழகுக்குச் சொந்தப் பேரனே அடையாளம் கண்டுபிடிக்க முடியாது. ஊர் பெயரும் அப்படித்தான், வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். தாலுகாவை வைத்துத் தேடுங்கள். கோவில்பட்டியை மட்டும் நம்பாமல் ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கமும் பாருங்கள். எட்டயபுரம் ஜமீன் சீமை. அங்கே வசூலித்தது ஜமீன் ஆட்கள், ஆகவே அவர் எந்தப் பக்கத்துக் குடி என்பதை முதலில் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டு கிடைத்தால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு அனுப்பினார்கள் என்று அங்கே எழுதியிருப்பான்.